தடிமன் எண்ணைத் தாண்டி: அழுத்தக் கலன் காப்பு வேலைகள் பற்றி வாசகர் கேள்விகள்

பாய்லர், பிரஷர் வெசல், வெப்பமாற்றி, அழுத்தக் குழாய் இவற்றைப் பழுதின்றிக் காக்கும் வேலைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். ஆலையில் இன்ஸ்பெக்ஷன் வேலை என்றால் கருவியை வைத்துத் தடிமன் அளப்பதுதான் என்கிறார்கள். அவ்வளவுதானா?

அளப்பது வேலையின் வாசல்தான். எந்த இடத்தில் அளக்க வேண்டும், வந்த எண் என்ன சொல்கிறது, கலனை இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம் என்று முடிவெடுப்பதுதான் வேலை.

ஒரு கணக்கைப் பாருங்கள். புதிதாக நிறுவியபோது கலனின் சுவர் 12.5 மி.மீ. 8 ஆண்டு கழித்து அதே புள்ளியில் 10.1 மி.மீ. கரைந்தது 2.4, ஆண்டுக்கு 0.3 மி.மீ. அழுத்தத்தைத் தாங்கக் குறைந்தபட்சம் 8.0 மி.மீ. வேண்டும் என்றால், கையிருப்பு 2.1 மி.மீ.; மிச்ச ஆயுள் 7 ஆண்டு. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏ.பி.ஐ.) அழுத்தக் கலன் ஆய்வு விதியான ஏ.பி.ஐ. 510-இன்படி, அடுத்த உள் ஆய்வு மிச்ச ஆயுளில் பாதிக்குள் அல்லது 10 ஆண்டுக்குள், எது முந்தியதோ அதற்குள் நடக்க வேண்டும். ஆக 3.5 ஆண்டு.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பழைய பதிவேட்டைப் புரட்டினால் 6ஆம் ஆண்டில் 11.3 மி.மீ. இருந்திருக்கிறது. அப்படியானால் முதல் 6 ஆண்டில் ஆண்டுக்கு 0.2, கடைசி 2 ஆண்டில் ஆண்டுக்கு 0.6! உள்ளே போகும் திரவமோ வெப்பநிலையோ மாறியிருக்கிறது. இந்த வேகத்தில் மிச்ச ஆயுள் 3.5 ஆண்டுதான். 4 ஆண்டுக்குக் குறைந்துவிட்டதால் அடுத்த ஆய்வை அதிகபட்சம் 2 ஆண்டுக்குமேல் தள்ளக் கூடாது. சராசரி மறைத்ததைப் பதிவேடு காட்டிவிட்டது. அதைத் தேடிப் பார்க்கிறவர்தான் இன்ஸ்பெக்டர்.

அல்ட்ராசோனிக் தடிமன் அளவீட்டில் பயிற்சி பெறுகிறேன். ஒரே புள்ளியில் என் எண்ணும் மூத்தவர் எண்ணும் அரை மி.மீ. வரை வேறுபடுகின்றன. எங்கே தவறு?

உங்கள் கருவி ஒலியை அனுப்பி, அது சுவரின் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தடிமனைக் கணக்கிடுகிறது. முதலில் பெயின்ட்டைச் சந்தேகியுங்கள். ஒலி எஃகில் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் போகும். பெயின்ட்டில் அதில் பாதிக்கும் கீழே. ஒற்றை எதிரொலியில் அளக்கும் கருவி பெயின்ட்டையும் எஃகாகவே எண்ணுவதால், 0.2 மி.மீ. பூச்சு ஏறக்குறைய 0.5 மி.மீ. எஃகாகத் தெரியும். பூச்சைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரொலிக்கும் எதிரொலிக்கும் இடையில் அளக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது சூடு. எஃகு 55 டிகிரி செல்சியஸ் கூடினால் அளவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடிக் காட்டும். அறைச் சூட்டில் சரிபார்த்த கருவியை 200 டிகிரிக் குழாயில் வைத்தால் 10 மி.மீ. சுவர் 10.3 என்று வரும். இல்லாத உலோகத்தை இருப்பதாகக் காட்டும் பிழை என்பதால் இது ஆபத்தானது.

மிக மெலிந்த சுவரில் கருவி இரண்டாவது எதிரொலியைப் பிடித்து இரட்டிப்பாகக் காட்டுவதும் உண்டு. 2 மி.மீ. மிஞ்சிய குழாய் 4 மி.மீ. என்று எழுதப்பட்டால் விளைவை யோசித்துப் பாருங்கள். தகட்டுக்குள் படலப் பிளவு இருந்தாலோ எண் திடீரெனப் பாதியாகும்.

அதே உலோகத்தில் செய்த, படிப்படியாகத் தடிமன் மாறும் சோதனைக் கட்டையில், அளக்கப்போகும் தடிமனுக்குக் கீழும் மேலும் உள்ள இரு படிகளில் கருவியைச் சரிபாருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி பாருங்கள். சென்ற முறையைவிடச் சுவர் தடித்திருப்பதாக எண் வந்தால் அதைப் பழைய எண்ணுக்கு ஒத்துப்போகும்படி திருத்தி எழுதாதீர்கள். வந்ததை வந்தபடி எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். இரண்டில் ஒன்று தவறு. எது என்று கண்டுபிடிக்க அந்த முரண்தான் தடயம்.

இந்தத் துறைக்கு எதை ஆழமாகப் படிக்க வேண்டும்?

உலோகம் எப்படியெல்லாம் கெடும் என்பதை. மற்ற எல்லாம் இதற்குப் பிறகு. ஏ.பி.ஐ. 571 என்ற ஆவணம் சேத வகைகளை ஒவ்வொன்றாக விளக்குகிறது: எந்த உலோகத்தில், எந்தச் சூட்டில், எப்படித் தோன்றும், எந்த முறையில் கண்டுபிடிக்கலாம் என்று.

2010 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் அனகார்டெஸ் சுத்திகரிப்பு ஆலையில் கார்பன் எஃகு வெப்பமாற்றி ஒன்று வெடித்து 7 பேர் இறந்தார்கள். காரணம், உயர் வெப்ப ஹைட்ரஜன் தாக்குதல். ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அங்குள்ள கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகி, உள்ளுக்குள்ளேயே நுண்விரிசல்களை உண்டாக்கும். சுவரின் தடிமன் குறையாது. தடிமன் மானி அங்கே 'எல்லாம் சரி' என்றுதான் சொல்லும்.

2012 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலையில் 8 அங்குலக் குழாய் ஒன்று கந்தக அரிமானத்தால் மெலிந்து கிழிந்தது. கார்பன் எஃகில் சிலிக்கான் 0.10 சதவீதத்துக்குக் குறைந்தால் இந்த அரிமானம் பல மடங்கு வேகமாகும். ஒரே குழாய்த் தொடரில் அடுத்தடுத்த துண்டுகள் வேறுவேறு சிலிக்கான் அளவில் இருக்கலாம். பக்கத்துத் துண்டை அளந்து இதற்கும் அதே கதி என்று எழுத முடியாது.

இன்சுலேஷனுக்கு அடியில் பிடிக்கும் துருவும் இப்படித்தான் மறைந்திருக்கும். கார்பன் எஃகில் மைனஸ் 12 முதல் 175 டிகிரி வரை ஓடும் கருவிகளில் இதை எதிர்பார்க்கலாம். உறைத் தகடு கிழிந்த இடம், நாசில் (கலனில் குழாய் இணையும் வாய்) உறையைத் துளைத்து வெளிவரும் இடம், செங்குத்துக் குழாயின் அடிமுனை, தாங்கிகளின் ஓரம் இவற்றை முதலில் திறந்து பாருங்கள்.

எந்தச் சான்றிதழை முதலில் வாங்குவது?

என்.டி.டி. (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் முறைகள்) நிலை 2-இல் தொடங்குங்கள். அல்ட்ராசோனிக், பெனட்ரன்ட் (விரிசலில் சாயத்தை ஊறவைத்துப் பார்ப்பது), மேக்னடிக் பார்ட்டிகிள் (காந்தமேற்றி இரும்புத்தூள் தூவிப் பார்ப்பது) இவற்றில் குறைந்தது இரண்டு முறைகளில் சான்று வேண்டும். நிலை 1 பெற்றவர் எழுதிக்கொடுத்த வழிமுறைப்படி சோதிப்பார். முடிவை விளக்கி அறிக்கையில் கையெழுத்திடுவது நிலை 2-க்கு உரியது. எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டி முறையில் சான்று தருவது உங்கள் நிறுவனம். வேலை மாறினால் புது நிறுவனம் மறுபடி சான்றளிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9712 என்ற சர்வதேசத் தரமுறையின் சான்றைத் தருவது தனி அமைப்பு என்பதால் அது உங்களோடு வரும்.

ஏ.பி.ஐ. 510 தேர்வுக்குப் பொறியியல் பட்டம் இருந்தால் 1 ஆண்டும், ஈராண்டுத் தொழில்நுட்பப் படிப்பானால் 2 ஆண்டும், பள்ளிப்படிப்பானால் 3 ஆண்டும் அனுபவம் கேட்கிறார்கள். குழாய்களுக்கு 570, சேமிப்புத் தொட்டிகளுக்கு 653. களத்தில் கலனுக்குள் ஒருமுறைகூட இறங்காமல் மனப்பாடம் செய்து தேறியவரை முதல் ஷட்டவுனே காட்டிக்கொடுத்துவிடும்.

மகள் இந்த வேலைக்குப் போகிறாள். கலனுக்குள் இறங்குவது ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு, அதற்குத்தான் பெர்மிட் (உள்ளே இறங்க எழுத்துமூல அனுமதி). ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எரியக்கூடிய வாயு, கீழ் வெடிப்பு எல்லையில் (காற்றில் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். வால்வை மூடியிருப்பது போதாது. கலனோடு சேரும் ஒவ்வொரு குழாயிலும் வழியை முழுதாக அடைக்கும் பிளைண்ட் தகடு போட்டிருக்க வேண்டும். கலனுக்குள் தங்கியிருக்கக்கூடிய நைட்ரஜனுக்கு வாசனையும் இல்லை, மூச்சுத் திணறலும் தெரியாது. மயங்கியவரைக் காப்பாற்றத் தலையை நீட்டுகிறவரும் விழுவார். வெளியே காவலுக்கு நிற்பவர் எக்காரணத்துக்கும் உள்ளே போகக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் 'இறங்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. அதை இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

சேஃப்டி வால்வ் பணிமனையில் வேலை கிடைத்திருக்கிறது. சேரலாமா?

தாராளமாக. அழுத்தம் மீறினால் தானே திறந்து கலனைக் காக்கும் கடைசி அரண் அது. வந்த வால்வைத் துடைப்பதற்கும் பிரிப்பதற்கும் முன்பே சோதனை மேசையில் ஏற்றி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பாருங்கள். 10 பாரில் அமைத்த வால்வு 9.7 முதல் 10.3-க்குள் திறக்க வேண்டும். 13-இல் திறந்தால், கலன் இவ்வளவு நாளும் காவலில்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள். அந்தச் செய்தி ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். முதலில் சுத்தம் செய்துவிட்டால் தடயம் அழிந்துவிடும். வண்டியில் கொண்டுவரும்போது நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்துக் குலுக்கினால் வழியிலேயே உள்ளிருப்பவை இடம் மாறி, சோதனை எண் பொய்யாகிவிடும்.