பெர்மாங்கனேட்டில் விளைந்த காந்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் குவாண்டம் ஊடுருவல் பற்றிப் பதில் சொல்லும்போது, "ஒரு மூலக்கூறின் காந்தத் திசைகூட இப்படித் தடையை ஏறாமலே மறுபக்கம் போய்விடும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஆறு வருடமும் நான் இந்த மூலக்கூறுகளோடுதான் இருந்தேன். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிடுகிறேன்.

*கேள்வி: இரும்பைப் பொடியாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் காந்தத்தன்மை நிலைக்காது என்று எங்கள் சார் சொன்னார். அப்படியென்றால் ஒரே ஒரு மூலக்கூறு எப்படிக் காந்தமாக இருக்கும்?*
பிளஸ் டூ மாணவி, கோவில்பட்டி

உங்கள் சார் சொன்னது சரி. சில நானோமீட்டர் அளவுள்ள இரும்புத் துகளின் காந்தத் திசையை அறை வெப்பமே ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். மூலக்கூறும் அறை வெப்பத்தில் அப்படித்தான். நன்றாகக் குளிர வைத்தால்தான் அது தன் திசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இந்தத் துறையின் மூத்த பிள்ளை மாங்கனீஸ்-12 அசிட்டேட். 1980-ல் போலந்து வேதியியலாளர் லிஸ் தயாரித்தது. கிணற்றுத் தண்ணீரில் போடுவார்களே, அதே பொட்டாசியம் பெர்மாங்கனேட்தான் ஒரு மூலப்பொருள். மாங்கனீஸ் அசிட்டேட் கரைந்த 60 சதவீத அசிட்டிக் அமிலத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அசையாமல் வைத்துவிட வேண்டும். சில நாளில் அடியில் கறுப்புக் குச்சிகளாகப் படிகம் இறங்கும். நான் முதல் முறை செய்தபோது வினிகர் வாடை துப்பட்டாவை விட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் உருப்பெருக்கியில் அந்தக் குச்சிகளின் பளபளப்பைப் பார்த்த நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

ஒவ்வொரு மூலக்கூறிலும் 12 மாங்கனீஸ் அணுக்கள். வெளி வளையத்தில் 8, ஒவ்வொன்றிலும் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 4. உள்ளே 4, ஒவ்வொன்றிலும் 3. உள்ளே இருப்பவை வெளியே இருப்பவற்றுக்கு எதிராகத் திரும்பி நிற்கின்றன. 32-ல் 12 போக மிச்சம் 20 எலக்ட்ரான்கள் ஒரே திசையில். எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் தற்சுழற்சி (ஸ்பின், அதன் காந்தத்துக்குக் காரணமான பண்பு) 1/2, ஆகவே மொத்தத் தற்சுழற்சி 10. இந்த 12 அணுக்களின் தற்சுழற்சிகள் எத்தனை விதமாக நிற்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்: வெளி அணுவுக்கு 5 நிலை, உள் அணுவுக்கு 4. ஐந்தின் 8-ஆம் அடுக்கை நான்கின் 4-ஆம் அடுக்கால் பெருக்கினால் மிகச் சரியாகப் பத்துக் கோடி வரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராமசேஷா குழுவினர் இந்த மாதிரிப் பெரிய கணக்குகளைச் சமச்சீர்மையின் துணையோடு துல்லியமாகப் போட்டுக் காட்டியவர்கள்.

அந்தப் பத்துக் கோடியில் மிகக் குறைந்த ஆற்றலில் இருப்பவை +10 முதல் −10 வரையான 21 நிலைகள். +10 என்பது மேல்நோக்கு, −10 என்பது கீழ்நோக்கு. நடுவில் ஒரு மேடு, அதன் உயரம் வெப்பநிலைக் கணக்கில் சுமார் 65 கெல்வின். 1993-ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் ராபர்ட்டா செசோலி, டான்டே கட்டெஸ்கி குழுவினர், இந்த மூலக்கூறு தனித்தனியாகவே காந்த நினைவு வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். 4 கெல்வினில் அந்த நினைவு ஒரு விநாடி அளவுதான். 2 கெல்வினுக்கு இறக்கினால் சுமார் இரண்டு மாதம்.

*கேள்வி: டிரான்ஸ்பார்மர் உள்ளகத்தின் தயக்க இழப்பைக் கணக்கிட்டே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். எங்கள் தயக்கக் கண்ணி வழவழப்பாக வளையும். நீங்கள் வெளியிட்ட படத்தில் படிக்கட்டுபோல் இருக்கிறதே, அச்சுப் பிழையா?*
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், திருவாரூர்

பிழை இல்லை, ஐயா. புலத்தைக் கூட்டிக் குறைக்கும்போது காந்தம் பின்தங்கி வரையும் வளையம்தான் தயக்கக் கண்ணி. அதில் வரும் அந்தப் படிகள்தான் இந்தத் துறையையே பிறப்பித்தன.

மேட்டின் இரண்டு பக்கமும் ஏணிப் படிபோல ஆற்றல் மட்டங்கள் இருக்கின்றன. புலம் இல்லாதபோது இடப்பக்கப் படியும் வலப்பக்கப் படியும் ஒரே உயரம். புலத்தைக் கூட்டினால் ஒரு பக்கத்து ஏணி இறங்கும், மற்றது ஏறும், உயரங்கள் பொருந்தாது. இன்னும் கூட்டினால் ஒரு பக்கத்துப் படி மறுபக்கத்தின் அடுத்த படியோடு சமமாகிவிடும். மாங்கனீஸ்-12-ல் இப்படிச் சமமாவது சுமார் 0.45 டெஸ்லாவுக்கு ஒரு முறை. சமமாகும் கணத்தில் மூலக்கூறு மேட்டின் உச்சிவரை ஏறாமலே மறுபக்கம் ஊடுருவுகிறது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் அப்படிப் போவதால் கண்ணி சட்டென்று சரிகிறது. பொருத்தம் கலைந்ததும் மறுபடி தட்டை. உங்கள் டிரான்ஸ்பார்மர் தகட்டில் காந்தப் பகுதிகளின் சுவர்கள் நகர்வதால் வருகிற தயக்கம் வேறு. இங்கே சுவரே கிடையாது.

1996-ல் நியூயார்க் சிட்டி காலேஜில் ஃப்ரீட்மனும் சாரச்சிக்கும் ஸியோலோவுடனும் பார்சிலோனாவின் தெஹாடாவுடனும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் பிரான்சின் கிரெனோபிளில் பார்பரா குழுவும் ஒற்றைப் படிகத்தில் கண்டது. நான் அளந்தது வெகு பின்னால். எபாக்சிப் பசையில் ஒட்டிய ஒரு குச்சிப் படிகம், 2 கெல்வின், புள்ளிக்குப் புள்ளி காத்திருந்தால் ஒரு கண்ணி முடிய ஓர் இரவாகும். ஒரு நாள் அதிகாலையில் திரையில் முதல் படி சரிந்தது. பக்கத்து அறைக் காவலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் பொறுமையாக நின்று பார்த்தார்.

*கேள்வி: புரோட்டானின் காந்தத் திருப்புத்திறன் எலக்ட்ரானுடையதில் ஏறத்தாழ 660-ல் ஒரு பங்குதான். 20 எலக்ட்ரான் பலமுள்ள மூலக்கூறில் அணுக்கருக்களை ஏன் கணக்கில் எடுக்க வேண்டும்? விட்டுவிடலாமே?*
முதுகலை இயற்பியல் மாணவர், மதுரை

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன். விட்டுவிட்டால் கணக்கு முற்றிலும் தவறிவிடும்.

இரும்பு-8 என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். எட்டு இரும்பு அணுக்கள், ஆறு ஒரு பக்கம், இரண்டு எதிர்ப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் தற்சுழற்சி 5/2. மொத்தம் இங்கேயும் 10. சுமார் 0.36 கெல்வினுக்குக் கீழே இதன் திரும்பும் வேகம் வெப்பநிலையைச் சார்வதே இல்லை, எவ்வளவு குளிர்வித்தாலும் அதே வேகம். ஆக, வெப்பத்துக்கு அதில் பங்கில்லை, முழுக்க ஊடுருவல்தான்.

ஆனால் ஒரு சிக்கல். ஊடுருவலால் +10, −10 மட்டங்களுக்கு நடுவே உண்டாகும் பிளவு வெறும் கோடியில் ஒரு பங்கு கெல்வின். இரண்டு பக்கமும் அவ்வளவு நுணுக்கமாகச் சமமாக இருந்தால்தான் ஊடுருவல் நடக்கும். காந்தப்புலக் கணக்கில் சொன்னால் சில நானோ டெஸ்லா. நம் தலைக்கு மேலிருக்கும் பூமியின் காந்தப்புலமே அதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு. படிகத்துக்குள் பக்கத்து மூலக்கூறுகள் உண்டாக்கும் புலமோ பல மில்லி டெஸ்லா. அப்படியானால் எந்த மூலக்கூறுக்கும் பொருத்தம் அமையவே கூடாது, எல்லாம் உறைந்து நிற்க வேண்டும். அளந்து பார்த்தால் அப்படி நிற்கவில்லை.

விடையைக் கொடுத்தவர்கள் கனடாவின் வான்கூவரில் புரோகோஃபியேவும் ஸ்டாம்பும். பழைய வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி பிடித்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முள் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றால் இரைச்சல்தான் வரும். திருகை லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் முள் நிலையத்தைத் தொட்டுத் தொட்டுப் போகும், பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். அந்தத் திருகை அசைக்கும் விரல்தான் அணுக்கருக்கள். ஹைட்ரஜன், நைட்ரஜன் கருக்கள் ஒவ்வொன்றும் சிறுபுலம் உண்டாக்குகின்றன, அந்தப் புலம் நிலையாக இருப்பதில்லை. நானோ டெஸ்லா அளவுச் சன்னலை அவை மில்லி டெஸ்லா அளவுக்கு விரித்துவிடுகின்றன. அந்த விரிவுக்குள் மாட்டுகிற மூலக்கூறு ஊடுருவும். அது திரும்பியதும் அக்கம்பக்கத்துப் புலம் மாறும், வேறொன்று சன்னலுக்குள் வரும். இப்படிச் சங்கிலியாகப் போவதால் தொடக்கத்தில் காந்தம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும் என்று அவர்கள் கணித்தார்கள். அளவீட்டிலும் அப்படியே வந்தது.

இதை நிரூபித்த சோதனைதான் எனக்கு இன்றும் மிகப் பிடித்தது. 2000-ல் வெர்ன்ஸ்டோர்ஃபர், செசோலி முதலானோர் மூன்று விதமான இரும்பு-8 படிகங்களை ஒப்பிட்டார்கள். முதலாவது சாதாரணம். அதில் பெரும்பாலும் இரும்பு-56, அதன் கருவுக்குத் தற்சுழற்சி சுழி. இரண்டாவதில் இரும்பு-57, கருவின் தற்சுழற்சி 1/2. மூன்றாவதில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்), அதன் கருவின் காந்தம் புரோட்டானுடையதைவிட நன்றாகக் குறைவு. முதலாவதோடு ஒப்பிட்டால் இரும்பு-57 படிகம் வேகமாகத் திரும்பியது, டியூட்டீரியப் படிகம் மெதுவாகத் திரும்பியது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மாற்றத்திலும் அணுவின் எடை கூடத்தான் செய்தது. எடைதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே பக்கம் போயிருக்க வேண்டும். எதிரெதிராகப் போனதால் காரணம் எடை இல்லை, கருவின் காந்தம்தான். வேதியியல் ஒன்றுதான், எலக்ட்ரான்கள் ஒன்றுதான், வடிவம் ஒன்றுதான். கருவை மட்டும் மாற்றினார்கள், காந்தம் திரும்பும் வேகமே மாறிப்போனது.

மாங்கனீஸில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. இயற்கையில் கிடைக்கும் மாங்கனீஸ் அத்தனையும் மாங்கனீஸ்-55 தான், தற்சுழற்சி 5/2. மாற்றிப் போட நிலையான வேறு ஐசோடோப்பு கிடையாது.

*கேள்வி: இந்த மூலக்கூறுகளைக் குவாண்டம் கணினியின் க்யூபிட்டாக்கலாம் என்கிறார்களே. தடை என்ன?*
மென்பொருள் பொறியாளர், சென்னை

தடையும் அதே கருக்கள்தான். ஊடுருவலுக்கு வழி திறந்துவிடும் அந்த அசைவே இங்கே கெடுதலாகிறது.

பிளஸ் டூ ஒளியியலில் ஓரியல் மூலங்கள் என்று படித்திருப்பீர்கள். இரண்டு அலைகளுக்கிடையே கட்ட உறவு மாறாமல் இருந்தால்தான் குறுக்கீட்டுப் பட்டை தெரியும். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்டிலும் மேல்நோக்கு நிலையும் கீழ்நோக்கு நிலையும் கட்ட உறவு கலையாமல் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றியுள்ள புரோட்டான்கள் ஜோடி ஜோடியாகத் தங்களுக்குள் திசையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அதனால் எலக்ட்ரான் உணரும் புலம் நடுங்குகிறது, கட்டம் கலைகிறது. மூலக்கூறுக்கு மூலக்கூறு கலைச்சல் வேறுபடுவதால் மொத்தத்தில் பட்டை அழிந்துவிடும். இதுதான் ஓரியல்புக் குலைவு.

வேதியியலாளர்கள் இதை எதிர்கொண்ட விதம் அழகானது. குரோமியம் ஏழும் நிக்கல் ஒன்றும் கோத்த வளையம் ஒன்று உண்டு. 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர் குழுவினர் அதில் ஹைட்ரஜனை டியூட்டீரியமாக்கியபோது, குறைந்த வெப்பநிலையில் ஓரியல்பு 3 மைக்ரோ விநாடியைத் தொட்டது. கணினிச் செயல் ஒன்றுக்கு நானோ விநாடிகளே போதும் என்பதால் அது சிறிய வெற்றி இல்லை. 2015-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டான்னா ஃப்ரீட்மன் குழு இன்னும் மேலே போனது. வனேடியத்தைச் சுற்றிக் கார்பனும் கந்தகமும் மட்டுமே உள்ள மூலக்கூறைக் கட்டி, கார்பன் டைசல்ஃபைடில் கரைத்தார்கள். அங்கேயும் கார்பன், கந்தகம் மட்டும்தான். இரண்டிலும் பெரும்பான்மை ஐசோடோப்புகளுக்குக் கருத் தற்சுழற்சி சுழி. எலக்ட்ரானைச் சுற்றி அமைதி. 10 கெல்வினில் கிடைத்த நேரம் ஏறத்தாழ 0.7 மில்லி விநாடி, குரோமியம் வளையத்தைவிட 200 மடங்குக்கும் மேல்.

சத்தத்தைக் குறைக்காமல், சத்தம் காதில் விழாத இடமாகப் பார்த்து உட்காரும் வழியும் இருக்கிறது. 2016-ல் ஸ்பெயினின் வலென்சியா, அமெரிக்காவின் ஃபுளோரிடா குழுக்கள் ஹோல்மியம் மூலக்கூறில் செய்தது அதுதான். ஹோல்மியத்தின் மேல், கீழ் நிலைகள் ஊடுருவலால் கலந்து, ஆற்றல் வளைகோட்டுக்கு ஒரு தாழ்ந்த வளைவு கிடைக்கிறது. வளைவின் அடியில் வகைக்கெழு சுழி, ஆகவே புலம் கொஞ்சம் நடுங்கினாலும் ஆற்றல் அசையாது. அணுக்கடிகாரத்தில் கையாளும் உபாயம் இது. 5 கெல்வினில் 8.4 மைக்ரோ விநாடி கிடைத்தது. ஊடுருவல் தந்த பிளவே ஓரியல்பைக் காத்தது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

*கேள்வி: எப்போதும் ஹீலியம் குளிரிலேயே இருந்தால் நினைவகமாக எப்படிப் பயன்படும்?*
வாசகர், ஈரோடு

குளிர் குறைந்துகொண்டு வருகிறது. டிஸ்ப்ரோசியம் என்ற ஒற்றை உலோக அயனியை இரண்டு வளையங்களுக்கு நடுவே வைத்த மூலக்கூறு 2017-ல் 60 கெல்வின் வரையும், 2018-ல் இன்னொன்று 80 கெல்வின் வரையும் தயக்கக் கண்ணி காட்டின. திரவ நைட்ரஜன் 77 கெல்வின்தான், ஹீலியத்தைவிட மிக மலிவு. ஆனால் அந்த வெப்பநிலையில் நினைவு நெடுநேரம் நிற்பதில்லை. கருக்கள் இங்கேயும் வருகின்றன. பிரான்சின் ரென் நகரக் குழு 2015-ல் டிஸ்ப்ரோசியம்-161, டிஸ்ப்ரோசியம்-164 இரண்டையும் ஒப்பிட்டது. கருத் தற்சுழற்சி இல்லாத 164 நினைவை நன்றாகக் காத்தது.

*கேள்வி: மாங்கனீஸ்-12 படிகத்தை எங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே மாணவர்களுடன் செய்து பார்க்கலாமா?*
வேதியியல் ஆசிரியை, தென்காசி

வேண்டாம், டீச்சர். அடர்ந்த அசிட்டிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும் சேருகிற வேலை, புகை வெளியேற்றும் அறை இல்லாமல் செய்யக்கூடாது. செய்தாலும் அறை வெப்பத்தில் அது வெறும் கறுப்புப் படிகம்தான், காந்தம் தெரியாது. அதற்குப் பதில் உங்கள் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை எங்கள் கல்லூரிக்குக் கூட்டி வாருங்கள். என்னிடம் ஒரு கண்ணாடிக் குப்பியில் பழைய படிகங்கள் இருக்கின்றன, உருப்பெருக்கியில் பார்க்கலாம். அன்று அதிகாலை சரிந்த அந்தப் படியின் வரைபடத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அளவுகோலை வைத்துப் படிக்கும் படிக்கும் நடுவே எத்தனை டெஸ்லா என்று பிள்ளைகளே அளக்கட்டும்.