சிவப்புக் கோடு வரை போகலாமா? எஸ்2000 காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஹோண்டா எஸ்2000 பற்றி வாய் திறந்தாலே கேள்விகள் சுற்றிச் சுற்றி ஓரிடத்தில்தான் வந்து நிற்கின்றன: எவ்வளவு விரட்டலாம்? 1999-ல் வந்த கார். டர்போ கிடையாது. 1,997 சிசி எஞ்சின், 9,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 9,000 சுழற்சி) சிவப்புக் கோடு, அதாவது எஞ்சின் தாண்டக்கூடாத எல்லை. பயம் நியாயமானதுதான், ஆனால் பெரும்பாலோர் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள்.

கேள்வி: அடிக்கடி 9,000 தொட்டால் எஞ்சின் சீக்கிரம் போய்விடாதா?

சூடான எஞ்சின், நிறைந்த ஆயில், நேரத்துக்குப் பராமரிப்பு: இந்த மூன்றும் இருந்தால் போகாது. அந்தக் கோட்டை வரைந்தவர்களே அதற்கேற்ற கனெக்டிங் ராடையும் வால்வு ஸ்பிரிங்கையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் இலவசம் என்று நினைக்காதீர்கள். பிஸ்டனைத் திருப்பி இழுக்கும் விசை சுழற்சியின் இருமடிப்படி ஏறும். 6,000-ல் இருப்பதைவிட 9,000-ல் அது இரண்டேகால் மடங்கு.

கேள்வி: 7,000-லேயே கியர் மாற்றிவிடுகிறேன். எஞ்சினுக்கு நல்லதுதானே?

கெடுதல் இல்லை, ஆனால் காரின் பாதியைத்தான் ஓட்டுகிறீர்கள். விடெக் என்பது சுழற்சி ஏறும்போது வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டாவின் அமைப்பு; அதற்கான பெரிய கேம் ஏறத்தாழ 6,000-ல் சேர்கிறது. உச்சத் திறன் 8,300-ல். இரண்டாம் கியரில் 8,500 வரை இழுத்து மூன்றுக்கு மாற்றினால் முள் 6,150 பக்கம் வந்து நிற்கும், பெரிய கேம் விட்டுப்போகாது. 7,500-ல் மாற்றினால் 5,400-க்கு விழுந்து கார் சோர்ந்துவிடும். கியர் விகிதங்களை வகுத்தவர் தூங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும்: இரண்டாம் கியரில் 9,000 என்றாலே மணிக்கு 100 கிலோமீட்டர் தாண்டிவிடும். பொதுச் சாலையில் அதற்குமேல் ஆசைப்படுகிறவர்கள் பந்தயத் தளத்துக்குப் போகட்டும்.

கேள்வி: காலையில் எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும்?

நின்ற இடத்தில் சூடாக்காதீர்கள். அரை நிமிடத்தில் கிளம்பி, 3,500-க்குள் மென்மையாக ஓட்டுங்கள். தண்ணீர் வெப்பமானி நடுவுக்கு வந்ததும் பலரும் மிதிக்கிறார்கள். தவறு அங்கேதான். தண்ணீர் சூடான பிறகும் ஆயில் பின்தங்கியே இருக்கும். அதற்கும் பத்து நிமிடமாவது கொடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விடெக்கைச் சேரவிடாமல் எஞ்சினின் கணினியே தடுத்துவிடும். இயந்திரமே "பொறு" என்று சொல்லும்போது நமக்கு என்ன அவசரம்?

கேள்வி: லிமிட்டர் இருக்கிறதே, பிறகு ஏன் எஞ்சின்கள் உடைகின்றன?

இந்தப் பகுதியில் வந்ததிலேயே நல்ல கேள்வி. லிமிட்டருக்குத் தெரிந்தது ஒரே வித்தை: பெட்ரோலை நிறுத்துவது. ஆக்சிலேட்டரால் சுழற்சி ஏறினால் அது தடுக்கும். சக்கரம் எஞ்சினைச் சுழற்றினால் அது கைகட்டி வேடிக்கைதான் பார்க்கும்.

மூன்றாம் கியரில் 8,500. நான்குக்கு நேராகக் கீழே இழுக்க வேண்டும். பதற்றத்தில் கை இடப்பக்கம் சாய்கிறது, லீவர் இரண்டில் விழுகிறது. கிளட்சை விட்ட கணத்தில் எஞ்சின் போக வேண்டிய வேகம் 11,700-க்கு மேல். கேமின் ஓட்டத்துக்கு வால்வு ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. மூட வேண்டிய வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் இடிக்காது, ஆனால் ஸ்பிரிங்கைப் பிடித்து நிற்கும் ரிட்டெய்னரில் மயிரிழை விரிசல் விழும். கார் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பல மாதம் கழித்து ஒருநாள் வால்வு சிலிண்டருக்குள் விழும்போது, "சும்மா போய்க்கொண்டிருந்தேன்" என்பார் உரிமையாளர். ஏபி1 எனப்படும் முதல் மாடல் வண்டிகளின் ரிட்டெய்னர் இந்த விஷயத்தில் மெலிந்தது. பின்னால் வந்த ஏபி2-வின் தடித்த ரிட்டெய்னர்களைப் பலர் வாங்கிப் போடுவது இதனால்தான்.

பழக்கம் ஒன்று சொல்கிறேன்: மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றும்போது லீவரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். உள்ளங்கையால் நேராகக் கீழே இழுத்தால் போதும், நடுப்பாதையை லீவரே கண்டுகொள்ளும். கியர் இறக்கும்போதும் அவசரம் வேண்டாம். முதலில் பிரேக், பிறகு கியர்.

கேள்வி: கணினியை மாற்றி எழுதி 9,500 ஆக்கலாமா?

வேண்டாம். உச்சத் திறன் 8,300-லேயே முடிந்துவிட்டது; அதற்குமேல் கிடைப்பது சத்தம்தான். 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்), 9,000 சுழற்சி என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 25.2 மீட்டர். சாலைக் காருக்கு இது கிட்டத்தட்ட கூரை. 2004-ல் அமெரிக்காவுக்கு வந்த 2,157 சிசி எஞ்சினில் ஸ்ட்ரோக்கை 90.7 ஆக்கியதும் ஹோண்டாவே சிவப்புக் கோட்டை 8,000-க்கு இறக்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 24.2 மீட்டர். பெரிய எஞ்சின் சோம்பேறி என்று கேலி செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கேள்வி: என் வண்டி ஆயில் குடிக்கிறது. பழுதா?

விரட்டினால் கொஞ்சம் குடிக்கும். நீங்கள் பார்க்காமல் இருப்பதுதான் பழுது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்த நிலையில் நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பினால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். 9,000 செய்யாத சேதத்தை அரை லிட்டர் குறைவு செய்துவிடும்.

கேள்வி: சிக்னலில் நியூட்ரலில் முறுக்கினால்?

பக்கத்துக் காரில் இருக்கும் குழந்தை சிரிக்கும். வேறு பயன் இல்லை.

கேள்வி: பழைய ஏபி1 வாங்கப் போகிறேன். முன்பு யாராவது தவறான கியர் போட்டிருந்தால் எப்படித் தெரியும்?

போர்ஷே கார்களில் எல்லை மீறிய சுழற்சிகளைக் கணினி குறித்துவைக்கும், விற்பவர் மறைக்க முடியாது. இங்கே அந்த வசதியை நம்பிப் போகாதீர்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷனும் கசிவுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். வால்வு மூடியைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் வால்வு இடைவெளியை அளந்து, டார்ச் விளக்கோடு ரிட்டெய்னர்களைப் பாருங்கள். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.