பட்டுத்துணியில் தைத்த வீடு: கேள்வி பதில்

கொரியக் கலைஞர் டோ ஹோ சூ, தான் வளர்ந்த வீட்டை முழு அளவில் பட்டில் தைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். 1999-இல் வந்த அந்த ‘சியோல் ஹோம்’ பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அது பரம்பரை வீடா?

இல்லை. அவருடைய அப்பா சூ சே-ஓக் பேர்பெற்ற மை ஓவியர். 1970-களில், சியோல் அடுக்குமாடிகளுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஹனோக் எனும் மரபான கொரிய வீடு ஒன்றைக் கட்டினார். மாதிரி, சியோலின் சாங்டியோக் அரண்மனை வளாகத்தில் 1828-இல் எழுந்த ஒரு கட்டடம். வேடிக்கை என்னவென்றால், அந்த அரண்மனைக் கட்டடமே வெளியே இருந்த மேட்டுக்குடியினரின் வீட்டைப் பார்த்துக் கட்டியதுதான். ஆக, மகன் தைத்தது நகலின் நகலுக்கு ஒரு நகல்!

ஏன் துணி?

1991-இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். பிறகு நியூயார்க்கில் குடியிருந்த இடத்துக்கு எதிரே தீயணைப்பு நிலையம், ராத்திரித் தூக்கம் போயிற்று. கடைசியாக எங்கே நன்றாகத் தூங்கினோம் என்று யோசித்தபோது சியோல் வீடு நினைவுக்கு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வீட்டைக் கூடவே எடுத்துப்போக வேண்டுமென்றால் பெட்டிக்குள் மடித்து வைக்க முடிய வேண்டுமே.

அவரே தைத்தாரா, ஆள் வைத்தா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஹன்போக் எனும் மரபுக் கொரிய உடை தைப்பதில் தேர்ந்த பெண்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் அவருடைய அம்மா. அவர்களிடம்தான் சூ தையல் நுணுக்கம் கற்றார். மெல்லிய பட்டில் ஒளி ஊடுருவும். உள்ளே மடித்த துணி, பிசிறு எல்லாம் வெளியே தெரிந்துவிடும். கொரியாவில் கோடைக்கால உடைக்கென்றே ஒரு முறை உண்டு: மடித்துத் தைத்து, மிச்சத்தை ஒட்ட நறுக்கி, மறுபடி மடித்துத் தைப்பார்கள். இரண்டு பக்கமும் மெல்லிய கோடு மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட கைகள் இல்லாமல் இந்த வீடு இல்லை. ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் அப்பாவுக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு, அம்மாவை ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

உள்ளே நடக்கலாமா?

இதில் முடியாது, கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பிறகு அவர் தைத்த நியூயார்க் வீட்டுக்குள் நடக்கலாம்.

‘சியோல் ஹோம்’ படைப்பின் முழுப் பெயர் ஏன் அவ்வளவு நீளம்?

காட்சிக்குப் போகும் ஊரெல்லாம் பெயரில் சேரும். முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ், அப்புறம் நியூயார்க், பால்டிமோர், லண்டன், சியாட்டில்.

அசல் வீட்டை வைத்து வேறு எதுவும் செய்தாரா?

செய்தார். வீடு முழுக்க மல்பெரித் தாளைப் போர்த்தி கிராஃபைட்டால் தேய்த்து எடுத்தார். கல்வெட்டுப் படி எடுப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். 2013-இல் தொடங்கி 2022-இல் முடிந்தது. 2025-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் வைத்தார்கள்.

அக்கா, என் அம்மா டெய்லர். இறுதியாண்டுக் காட்சிக்கு அவருடைய பழைய தையல் மெஷினை நடுவில் வைக்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

மெஷினை வைத்தால் வருகிறவர்கள் மெஷினைத்தான் பார்ப்பார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கவும் ஓரம் அடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அவர் கண்ணளவில் விடும் தையல் இடம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டு ஜன்னல் ஒன்றையாவது முழு அளவில் தைத்துப் பாருங்கள், தப்பான தையலை அவரே பிரிக்கட்டும். பெயர்ப் பலகையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில், அவர் பெயரையும் போடுங்கள்.