பழைய ஏர் கம்ப்ரசரை வேக்குவம் பம்பாக மாற்றி மரவேலைக்குப் பயன்படுத்த முடியுமா?

முடியும். காட்பாடி பக்கம் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக வினீர் (பலகை மேல் ஒட்டும் மெல்லிய மரத்தாள்) ஒட்டுவது எல்லாமே இப்படி மாற்றிய கம்ப்ரசரில்தான். பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட ஒரு ஹெச்.பி. மெஷின் அது. ஒற்றை சிலிண்டர், பெல்ட்டில் ஓடுவது.

சத்துவாச்சாரியில் ஒரு கிளினிக்குக்கு, முன்பக்கம் வளைந்த ரிசப்ஷன் மேசை செய்யும்போதுதான் இது தேவைப்பட்டது. வளைவின் மேல் தேக்கு வினீர் ஒட்ட வேண்டும். வளைவில் சி கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) நிற்கவில்லை. மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தேன். மறுநாள் விரலால் தட்டினால் நடுவில் இரண்டு இடத்தில் பொள்ளென்று சத்தம். அங்கே பசை பிடிக்கவே இல்லை. முழுவதையும் உரித்து மறுபடி செய்தேன்.

அதற்குத்தான் இந்த வேக்குவம். காற்றுப் புகாத பைக்குள் பலகையை வைத்துக் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்றே அழுத்திக் கொடுக்கும். வேக்குவம் காட்டும் கேஜில் 500 மி.மீ. பாதரசம் காட்டினால், மூன்றுக்கு இரண்டு அடி பலகையின் மேல் சுமார் 3,800 கிலோ எடை சீராக உட்கார்ந்த மாதிரி. வளைவோ குழிவோ, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம். எத்தனை கிளாம்ப் போட்டாலும் இது வராது.

மாற்றுவது எப்படி என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ராணிப்பேட்டையில் தோல் காயவைக்கும் வேக்குவம் டிரையர்களைப் பராமரித்த ஒரு பெரியவர். “காத்தை இழுக்கறதும் தள்றதும் ஒரே பிஸ்டன்தான் தம்பி. நீ இவ்ளோ நாளா தள்ற வாயை மட்டும் பாத்துக்கினு இருந்த” என்றார். உண்மைதான். பிஸ்டன் இறங்கும்போது ஏர் ஃபில்டர் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. ஏறும்போது மற்ற வால்வு வழியாக டேங்குக்குப் போகிறது. ஃபில்டரைக் கழற்றினால் ஹெட்டில் மரை தெரியும். அந்த மரைக்குச் சரியான நிப்பிளை (ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய்த் துண்டு) டெஃப்லான் டேப் சுற்றி முடுக்கி, ஹோஸை அங்கே மாட்டினால் போதும், உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

இங்கே பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். டேங்குக்குப் போகும் குழாயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிஸ்டன் மேலே முழுக்க ஏறினாலும் ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சும். டேங்கில் அழுத்தம் ஏற ஏற, அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது அதுதான் முதலில் விரிந்து சிலிண்டரை நிரப்பும். பையிலிருந்து புதுக்காற்று வர இடமே இருக்காது. அதனால் டேங்க் குழாயைக் கழற்றி, வெளிவாயைத் திறந்தே விடுங்கள். அப்படி விட்டாலும் மிஞ்சிய இடம் மிஞ்சியதுதான். முழு வேக்குவம் இதில் வராது. என்னுடையது 580 வரை போகும். வினீருக்கு 500 தாராளம். இன்னொன்று, கேஜில் 760 வரை கோடு இருக்கும். ஆனால் கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல் இருக்கும் வேலூரில் காற்றழுத்தமே சுமார் 740தான். ஏலகிரி மேலே போனால் 670 வாக்கில் நின்றுவிடும்.

அடுத்தது ஆயில். இதில் எனக்கு ஒரு நஷ்டம் உண்டு. சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகும்போது, கீழே கிராங்க் கேஸில் இருக்கும் ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே ஏறும். வெளிவாய் வழியாகப் புகை மாதிரி வரும். அது தெரியாமல், பாலிஷுக்குத் தேய்த்து வைத்திருந்த இரண்டு பூஜையறைக் கதவுகளின் பக்கம் வாயைத் திருப்பி வைத்திருந்தேன். பாலிஷ் அடித்ததும் மேற்பரப்பில் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகப் பிரிந்து நின்றது. இப்போது வெளிவாயில் ஒரு ஹோஸ் மாட்டி, சுவருக்கு வெளியே ஒரு டப்பாவில் விட்டிருக்கிறேன். ஆயில் அளவைத் தினமும் பார்க்க வேண்டும். ஃபெவிகாலில் இருக்கும் ஈரமும் ஆவியாகி ஆயிலில் சேரும். ஆயில் பால் மாதிரி வெளுத்தால் மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா ஓட விட்டால் ஈரம் பெரும்பாலும் போய்விடும். ஆயில் இல்லாத கம்ப்ரசர், பல் டாக்டர்கள் வைத்திருப்பது மாதிரி, பழையது கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

சரி, பம்ப் தயார். ஆனால் வேலையின் பெரும்பகுதி பையில்தான் இருக்கிறது. கனமான பிவிசி ஷீட்டை மடித்து ஒட்டிய பை என்னுடையது. பலகையின் மூலைகளை உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பை கிழியும். பலகைக்கு மேல் நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை நிழல்வலை ஒரு துண்டு போட வேண்டும். அது இல்லையென்றால் ஷீட் ஹோஸ் வாயருகே முதலில் ஒட்டிக்கொண்டு, தூரத்துக் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வினீருக்கும் வலைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பாலிதீன், பிறகு ஒரு மெல்லிய பிளைவுட். இந்த பிளைவுட் போடாவிட்டால் வலையின் கட்டம் வினீரில் பதிந்துவிடும். உறிஞ்சும் பக்கத்துக்குக் கம்பிச் சுருள் வைத்த ஹோஸ்தான். சாதாரண தண்ணீர் டியூப் சப்பையாகிவிடும்.

ஹோஸில் காற்றைத் திரும்பப் பைக்குள் விடாத ஒரு நான் ரிட்டர்ன் வால்வு, அதற்கும் பைக்கும் நடுவில் கேஜ். 500 வந்ததும் பம்பை நிறுத்திவிட்டு முள்ளைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் 20, 30 இறங்கினால் பரவாயில்லை. கண்முன்னே இறங்கினால் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது இங்கே உதவாது; குமிழ் வெளியே வராது, நுரை உள்ளே போய்விடும். ஒரு முழம் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஓரம் முழுக்க மெதுவாக நகர்த்துங்கள். கசிவு இருக்கும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்கும். மிஷின் நிறுத்திய பட்டறையில், காலை ஆறு மணிக்கு இதைச் செய்தால் ஊசி முனை ஓட்டைகூடத் தப்பாது. மே மாதத்தில் நான் ஒட்டும் வேலையே அந்த நேரத்தில்தான். பத்து மணி வெயிலில் பசை பூசி முடிப்பதற்குள் ஓரம் காய்ந்துவிடுகிறது.

பையில் நான்கு மணி நேரம் வைக்கிறேன். உள்ளே காற்றோட்டம் இல்லாததால் ஃபெவிகாலின் தண்ணீர் முழுக்கப் போயிருக்காது. வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி ஓரத்தில் நிறுத்தி ஒரு ராத்திரி விடுங்கள். பின்பக்கமும் ஒரு சாதா வினீர் ஒட்டிவிடுங்கள்; ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளையும்.

காற்றைச் சேமிக்க டேங்க் வேண்டுமென்றால், கழற்றிய கம்ப்ரசர் டேங்கையே வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் டின், மெல்லிய பிளாஸ்டிக் கேன் வேண்டாம், நசுங்கிவிடும். கேஸ் சிலிண்டரை வெட்டி மாற்றும் யோசனை அறவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. பிரிட்ஜ் கம்ப்ரசர் இன்னும் ஆழமாக உறிஞ்சும், சத்தமும் இல்லை. ஆனால் உறிஞ்சும் வாயு வழியாகத்தான் அது குளிர்கிறது. வெற்றிடத்தில் ரொம்ப நேரம் ஓடினால் சூடேறிவிடும். உள்ளே இருக்கும் வாயுவையும் மெக்கானிக்கை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் கம்ப்ரசர் ஹெட்டில் இருக்கும் மரை அளவைக் கருத்தில் எழுதுங்கள். எந்த நிப்பிள் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.