குட்டி நாயும் குதிரையும்: எது ஒட்டும், எது ஒட்டாது?

கேள்வி: பார்வோ என்ற குடல் தொற்றுநோய் வந்து நாய்க்குட்டி இறந்துவிட்டது. வீடு முழுக்க ஃபினாயில் போட்டுக் கழுவினோம். அடுத்த குட்டியை எப்போது கொண்டுவரலாம்?

பதில்: ஃபினாயிலை நம்பாதீர்கள். பார்வோ வைரசுக்குக் கொழுப்பு உறை இல்லை. அதனால் சோப்பு, ஆல்கஹால், வழக்கமான தரைத் துடைப்பான்கள் எதற்கும் அது அசையாது. வீட்டு ப்ளீச் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து பயன்படுத்துங்கள். முதலில் மலக்கறை, வாந்திக்கறையை சோப்பால் தேய்த்து அலசிவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய ப்ளீச் வீரியம் இழந்துவிடும். தரை 10 நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். ஆசிட்டையோ வேறு கிருமிநாசினியையோ அதோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். பாய், மரத்தட்டு போன்றவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். தோட்டத்து மண்ணை ப்ளீச் காப்பாற்றாது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும்.

ஆகவே நாட்களை எண்ணுவதைவிட வரப்போகும் குட்டியின் தடுப்பூசியைப் பாருங்கள். 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் உடலில் இருக்கும்வரை ஊசி பலிக்காது. அது வடியும் வாரம் குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் அந்தக் கடைசி ஊசிக்கு இத்தனை மதிப்பு. அதுவும் போட்டு 2 வாரம் ஆன குட்டியே உங்கள் வீட்டுக்கு ஏற்றது.

கேள்வி: குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டுகிறது. எங்களுக்கும் ஒட்டுமா?

பதில்: அரிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். அரிப்பில்லாமல் திட்டுத்திட்டாக முடி கொட்டினால் பெரும்பாலும் டெமோடெக்ஸ். அந்தச் சிற்றுண்ணி பிறந்த சில நாளில் தாயிடமிருந்து வருவது. மனிதருக்கு ஒட்டாது, சின்னத் திட்டுகள் பலவும் தானாகவே ஆறிவிடும். காது ஓரம், முழங்கை என்று தூக்கமில்லாமல் சொறிந்தால், வேறொரு சிற்றுண்ணியால் வரும் சார்காப்டிக் சொறி. அது மற்ற நாய்களுக்கும் உங்களுக்கும் ஒட்டும். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்ததும் பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கும். வட்டப்புண்ணாக இருந்தால் படர்தாமரையும் ஆகலாம், அதுவும் ஒட்டுவதுதான். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் மருந்து தொடங்க வேண்டாம்.

கேள்வி: லாயத்தில் ஒரு குதிரை இருமுகிறது. மற்றவற்றைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: முதலில் வெப்பமானியை எடுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. அதற்கு மேல் போனால் ஃப்ளூ அல்லது ஸ்ட்ராங்கிள்ஸ் (தாடைக்கடியில் கட்டி வரும் தொற்றுநோய்) என்றே வைத்துக்கொண்டு அன்றே பிரித்துவிடுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸில் காய்ச்சல் வந்து ஓரிரு நாள் கழித்தே மூக்குச் சளியில் கிருமி வெளிவரத் தொடங்கும். தாடைக்கடியில் கட்டி தெரியும்வரை காத்திருப்பவர்கள் இந்த இடைவெளியை வீணாக்குகிறார்கள். மற்ற குதிரைகளுக்கும் தினம் இருவேளை வெப்பம் பாருங்கள். வாளி, கடிவாளம், தூரிகை தனித்தனியாக இருக்கட்டும். குழாய் முனை தண்ணீரில் முங்கக் கூடாது. நோயுற்றதைக் கடைசியில் கவனியுங்கள். கட்டி ஆறிய பின்பும் சில குதிரைகள் தொண்டைப் பைகளில் கிருமியைச் சுமக்கும். பரிசோதனையில் இல்லை என்று வந்த பிறகே கூட்டத்தில் சேர்க்கலாம்.

காய்ச்சலே இல்லாமல், உலர்புல் தின்னும்போது மட்டும் மாதக்கணக்கில் இருமினால் அது பெரும்பாலும் தூசியால் வரும் ஆஸ்துமா. அது ஒட்டாது. புல்லை நனைத்துக் கொடுங்கள், தூசியில்லாத படுக்கை போடுங்கள்.

கேள்வி: வயிற்றுவலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுமா? எங்களிடம் இரண்டு குதிரைகளுக்கு ஒரே நாளில் வந்தது.

பதில்: குடல் வலி பரவுவதில்லை. ஒரே நாளில் இரண்டுக்கு வந்தால் தீவனத்தைச் சந்தேகியுங்கள்: பூஞ்சை பிடித்ததா, திடீரென மாற்றினீர்களா, தண்ணீர் குறைந்ததா? தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. 60 தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும்.

கேள்வி: குதிரைக்கான ஐவர்மெக்டின் என்ற புழுநீக்க மருந்துப் பசையை நாய்க்குட்டிக்குக் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு குழாய் பல நூறு கிலோ உடலுக்கானது. பட்டாணி அளவே குட்டிக்கு அதிகமாகிவிடும். கோலி போன்ற சில நாய் இனங்களில் மருந்து மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் அமைப்பே பழுதாக இருக்கும். குதிரை துப்பியதை நக்கினாலும் தள்ளாட்டம், வலிப்பு வரலாம். மருந்து கொடுக்கும்போது நாயைக் கட்டிப்போடுங்கள்.