பரணில் 230 பிரதிகள்

கேள்வி: என் கவிதைகளை நானே செலவழித்து நூலாக அச்சிட்டேன். 88 பக்கம், 120 ரூபாய் விலை, 300 பிரதி. இரண்டு மாதத்துக்கு முன் நடந்த வெளியீட்டு விழாவில் சொந்தபந்தங்களுக்குக் கொடுத்தது போக 230 பிரதி பரணில் கிடக்கிறது. முகநூலில் தினமும் அட்டைப் படம் போடுகிறேன். லைக் நூறைத் தாண்டுகிறது, வாங்கியவர்கள் மூன்றே பேர். கவிதையை முழுதாகப் போட்டால் யாராவது திருடிவிடுவார்களோ என்று பயம். என் நூலை நானே புகழ்ந்து விற்கவும் கூச்சமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்தக் கூச்சம். தற்புகழ்ச்சி தகாது என்று சொல்லும் நன்னூலே, அடுத்த சூத்திரத்தில் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் நான்கைத் தருகிறது. அவற்றில் ஒன்று ‘தன்னுடை ஆற்றல் உணரார் இடை’. உங்கள் பெயரையே கேட்டிராத வாசகர் முன்னால் நீங்கள் நிற்பது அந்த இடத்தில்தான். அங்கேயும் நீங்கள் புகழ வேண்டியதில்லை, கவிதையைக் காட்டினால் போதும்.

இதுவரை நீங்கள் காட்டாததும் அதுதான். அட்டையைப் பார்ப்பவர் வாழ்த்திவிட்டுப் போவார். இரண்டு வரியை வெட்டிப் போட்டால் அது பொன்மொழியாகிவிடும். முழுக் கவிதையாகப் போடுங்கள். நூலிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். படித்தவர்கள் தாமாகவே பக்கம் சொல்லிப் பேசிய கவிதைகளுக்கு முதலிடம். வாரம் ஒன்று, ஒரே கிழமையில். பதினைந்து வரிக்குள் இருந்தால் கைப்பேசித் திரையில் அடங்கும்.

ஒவ்வொன்றையும் எழுத்தாகவும் படமாகவும் சேர்த்தே போடுங்கள். படம் மட்டும் என்றால் தேடலில் கிடைப்பது அரிது, பார்வையற்ற வாசகருக்கும் எட்டாது. எழுத்து மட்டும் என்றால் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறுவதற்குள் உங்கள் பெயர் உதிர்ந்துவிடும். படத்தை 1080க்கு 1350 பிக்சல் அளவில் செய்து, பெயரையும் நூல் தலைப்பையும் கடைசி வரிக்குக் கீழே ஒட்டினாற்போல் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் வெட்டுவது எளிது. நீளமான வரி சிறிய திரையில் மடங்கி, நீங்கள் முறிக்காத இடத்தில் முறியும். கவிதையே அங்கே கெட்டுப்போகும். அதனால் சிறிய திரை உள்ள கைப்பேசி ஒன்றில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது எழுத்துருவில். அச்சகத்தில் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வரும். பிடிஎஃப் மட்டும் போதாது, தட்டச்சுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம்.

திருட்டுப் பயம் உங்களைக் கட்டிப்போட வேண்டாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை உங்களுடையது; உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. அச்சான நூலும் தேதியோடு நிற்கும் பதிவுமே உங்களுக்குச் சான்று. வேறொருவர் தன் பெயரில் போட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, முகநூலின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். உண்மையில் பொத்திவைக்க வேண்டியவை, நூலில் சேராத புதுக் கவிதைகள். இதழ்கள் பலவும் எங்கும் வெளிவராததையே கேட்கின்றன. முகநூலில் போட்டாலே அது வெளிவந்ததாகக் கணக்கு.

கிண்டிலில் மின்னூல் போடும் எண்ணம் இருந்தால் அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ என்ற திட்டத்தில் இப்போது சேராதீர்கள். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவம் அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும். வெளியே மாதிரிக்குப் 10 சதவீதம் வரைதான் காட்டலாம். பன்னிரண்டு கவிதை அந்த அளவைத் தாண்டிவிடும்.

கவிதை பிடித்தவர் அந்த நிமிடமே வாங்க வழி இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் கீழும் தபால் செலவு சேர்த்த விலை, பணம் அனுப்ப யுபிஐ, முகவரி அனுப்ப வாட்ஸ்அப் எண். ‘இன்பாக்ஸில் வரவும்’ என்று எழுதுவது வாசகரை வாசலிலேயே நிறுத்துவது. உங்கள் நூல் டெம்மி என்னும் வழக்கமான நூல் அளவில், 70 ஜிஎஸ்எம் எடைத் தாளில் இருந்தால் 110 கிராம் அளவுக்கு வரும். அஞ்சலகத்தில் 2025 மே மாதம் தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’டில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். கல்வி, பண்பாட்டு நூல்களுக்கான சேவை என்பதால், கவிதை நூலை ஏற்பார்களா என்று கவுன்ட்டரில் முன்பே கேட்டுவிடுங்கள். உறைக்குள் ஓர் அட்டை வையுங்கள், முனை மடங்காது.

புத்தகக் கடைக்கு ஐந்து பிரதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைக்காரர் விலையில் பிடித்துக்கொள்ளும் கழிவு பெரும்பாலும் 35 முதல் 40 சதவீதம், ஆக உங்கள் கைக்கு 72 முதல் 78 ரூபாய். எண்ணிக்கை, தேதி, கழிவு மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, மூன்று மாதத்தில் போய்க் கணக்குக் கேளுங்கள். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் வைக்க நவம்பரிலேயே பேசிவிட வேண்டும். பணம் கட்டினால் விருது தருகிறோம் என்று வரும் அழைப்புகளுக்குப் பதிலே போடாதீர்கள்.

கவிதை நூல் நன்றாக விற்கும் இடம், கவிதையைக் காதால் கேட்ட இடம். ஊர் நூலக வாசகர் வட்டத்திலோ தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைக் கூட்டத்திலோ ஏழு நிமிடம் கேளுங்கள். நான்கு கவிதை போதும். விளக்கவுரை வேண்டாம், குறுங்கவிதையை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். வெளியேறும் வழியில் மேசை போட்டு, அன்றைக்கு மட்டும் 100 ரூபாய்க்குக் கொடுங்கள். சில்லறை தேடும் நேரத்தில் வாங்க வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

இன்னொன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் கடமை. உங்கள் நூலுக்குப் பதிப்பாளர் நீங்கள்தான். கெடு தாண்டிவிட்டாலும் பரவாயில்லை, பரணிலிருந்து முதலில் இந்த நான்கை இறக்கி அனுப்பிவிட்டு, ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.