அரை வாட்தான் வருகிறது என்று ட்ரூஎஸ்டிஎக்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்

வணக்கம் நண்பரே. ட்ரூஎஸ்டிஎக்ஸ் என்ற சிறிய அமெச்சூர் ரேடியோ செட்டைப் பவர் பேங்கில் ஓட்டினால் 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) அனுப்பும் சக்தி அரை வாட்டைத் தாண்டவில்லை, செட் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதில்லை. யுஎஸ்பி தருவது 5 வோல்ட். அதில் இந்த செட் அவ்வளவுதான் கொடுக்கும். 5 வாட் வேண்டுமானால் டிசி சாக்கெட்டில் 12 முதல் 13.8 வோல்ட் கொடுங்கள். மூன்று 18650 லித்தியம் செல்லைத் தொடராக இணைத்த பேக் (முழு சார்ஜில் 12.6 வோல்ட்) தாராளம், மோர்ஸ் கீயை அழுத்தி அனுப்பும்போது அரை ஆம்பியரை ஒட்டித்தான் இழுக்கும்.

எத்தனை வாட் வருகிறது என்று, ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 50 ஓம் லோடை மாட்டி அளந்து பாருங்கள். 100 ஓம், 3 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் அந்த 50 ஓம் லோட் தயார். கம்பி சுற்றிய வகை வேண்டாம், அது காயிலாகிவிடும். லோடிலிருந்து 1என்4148 டையோடு வழியாக 10 நானோஃபாரட் கெபாசிட்டருக்குக் கொண்டுபோய், அதன் இரு முனையிலும் டிசி வோல்ட் பாருங்கள். வந்த எண்ணோடு 0.6 கூட்டி, வர்க்கமாக்கி, 100-ஆல் வகுத்தால் வாட். 21.8 காட்டினால் 5 வாட், 6.5 என்றால் அரை வாட். ஐந்து விநாடிக்கு மேல் கீயைப் பிடிக்காதீர்கள்.

ஆண்டெனாவோ இந்த லோடோ இல்லாமல் கீயைத் தொடவே தொடாதீர்கள். சக்தியை வெளியே அனுப்பும் கடைசி நிலையில் இருப்பவை குட்டி பிஎஸ்170 டிரான்சிஸ்டர்கள். எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பொருந்தாமல் சக்தி திரும்பி வருவதன் அளவு) எகிறினால் முதலில் போவது அவைதான்.

இரவில் 7200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிபரப்புகள் உள்ளே கசிந்தால் மெனுவில் அட்டென்யுவேட்டரை (உள்ளே வரும் சிக்னலைக் குறைப்பது) கூட்டுங்கள். மோர்ஸுக்கு இந்த விலையில் அருமையான செட். குரலுக்கு மட்டும் என்றால் வேறு பாருங்கள்.